ஒருசந்தியும் வலி மாத்திரையும்

என் மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்று எங்கள் சிகந்தராபாத் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் நான்கே பேர்: நான், அவள், அவளைப் பார்த்துக்கொள்ளத் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அவளுடைய அக்கா, ஊசி போட வந்த கம்பவுண்டர் பாய். எழுபதுகளின் தொடக்கம் அது. கட்டி என்று கர்ப்பப்பையையே எடுத்துவிட்டிருந்தார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இனிமேலும் இல்லை என்பதை நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

பாய் ஊசியைக் கொதிநீரில் போட்டுவிட்டு டாக்டர் சீட்டைப் படித்துச் சொன்னார். வெள்ளை மாத்திரை வலிக்கு. காலையிலும் இரவிலும், சாப்பிட்ட பிறகு. டானிக் ரத்தம் ஊறுவதற்கு; அதைக் குடித்தால் வெளிக்குக் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். சீட்டில் இருந்த இங்கிலீஷ் எழுத்து எனக்குப் புரியாது; கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"பாய், தலை சுத்துனா என்ன செய்ய? தையல் பிரிஞ்சா? தூக்கத்துல மூச்சு நின்னுட்டா?"

"அரே, ஃபிகர் நக்கோ" என்று கவலையைக் கையால் ஒதுக்கிச் சிரித்தார் அவர்.

"பாய், ஊசி மிச்சம் இருந்தா இவுகளுக்கும் ஒண்ணு போட்டுட்டுப் போங்க" என்றாள் கட்டிலில் கிடந்தவள். சிரித்ததில் தையல் இழுத்து, முகம் சுருங்கிப்போனது.

விடியற்காலைதான் வலி அதிகம். நேராக எழ முடியாது. கட்டிலின் கால்மாட்டில் ஒரு பழைய சேலையை முறுக்கிக் கட்டிக் கொடுத்திருந்தேன். ஒருக்களித்துத் திரும்பி அதைப் பிடித்து இழுத்துத்தான் உட்காருவாள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொள்வாள். மாத்திரை போட்டால்தான் சற்று அடங்கும். ஒர்க்ஷாப்பில் என் கை இரும்பில் இருக்கும், நினைப்பெல்லாம் அந்தக் கட்டிலில் இருக்கும். மத்தியானச் சங்கு ஊதியதும் ஓடிவந்து, மூச்சு வாங்கியபடி வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவேன்.

வீட்டில் இப்படியிருக்கும்போதுதான் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கியது. அவள் ஊர்ப் பெண்கள் தவக்காலம் முழுவதும் ஒருசந்தி இருப்பார்கள். மத்தியானம் ஒரு வேளைச் சாப்பாடு. காலையிலும் இரவிலும் வெறும் வயிறு. முதல் நாள் நெற்றியில் சாம்பல் பூச வீட்டுக்கே வந்த சர்ச் சாமியார், நோயாளிக்கு ஒருசந்தி கடமையில்லை என்று தெளிவாகச் சொன்னார். அவளும் தலையாட்டினாள். அவர் படியிறங்கியதும் பேச்சு மாறியது.

"கத்திக்குப் போயி உசுரோட திரும்பி வந்திருக்கேன். மாதாவுக்கு நேந்திருக்கேன். இருக்காம விட்ருவேனா?"

"மாத்திரை போடணுமே?" என்றேன்.

"மருந்து ஒருசந்திய முறிக்காது தம்பி" என்றாள் அவளுடைய அக்கா, என் மதினி. "எங்கம்மை காலத்துலயே அப்படித்தான்."

"சாப்பிட்ட பொறவுன்னுல்லா பாய் சொன்னாரு?"

"கடுங்காப்பி குடிச்சிட்டுப் போட்டுக்கிடுதேன். உங்களுக்குப் பயப்பட ஏதாச்சும் ஒண்ணு வேணும். போங்க, சங்கு ஊதிரும்."

சாமியார் சொல்லியே கேட்காதவள் நான் சொல்லியா கேட்கப்போகிறாள்? காலையிலும் இரவிலும் கடுங்காப்பியும் மாத்திரையும் மட்டும் உள்ளே போயின. நெஞ்சு எரிகிறது என்றாள். மதினி சீரகம் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். தலை சுற்றியது; பட்டினிதானே என்றார்கள். மத்தியானச் சோறும் பாதித் தட்டிலேயே நின்றது. கறுப்பாகப் போகிறது என்று மதினி ஒரு நாள் தணிந்த குரலில் சொன்னாள். உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பயந்தவன் நான். அது ஒன்றுக்கு மட்டும் பயப்படவில்லை. அது டானிக் செய்கிற வேலை, பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்களே.

ஒரு காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் நேரம். சேலையைப் பிடித்து எழுந்தவள் அப்படியே குனிந்து வாந்தி எடுத்தாள். கறுப்பாக, காப்பிச் சக்கை போல.

"குடிச்ச காப்பிதான் வருது" என்றாள் மதினி. சொல்லி முடிப்பதற்குள் சிவப்பாக வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்தார். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். மதினி எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை குடலைப் புண்ணாக்கிவிட்டது, வெளிக்குக் கறுப்பாகப் போனதும் ரத்தம்தான், உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். என் ரத்தம் அவளுக்குச் சேரவில்லை. மதினிக்கே ரத்தம் போதாது என்று அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி வாசலில் ரத்தம் விற்க ஆட்கள் நிற்பார்கள். ஒல்லியான ஒரு ரிக்ஷாக்காரருடைய ரத்தம் சேர்ந்தது. ஐம்பது ரூபாய் கேட்டார். என் பையில் பாதிதான் இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ரோவ் நக்கோ, பாய். பாக்கி கல் தேதேவ்" என்றார். அழாதே, மீதியை நாளைக்குக் கொடு என்று அர்த்தம். ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வந்து, ஒரு டீ குடித்து, ரிக்ஷாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாட்டில் இறங்கிக்கொண்டிருக்கும்போது அவள் கண்ணைத் திறந்தாள்.

"இங்கேருங்க, ரத்தம் ஏத்துனா ஒருசந்தி முறிஞ்சிருமா?"

"முறியாதுட்டி. அதுவும் மருந்துதான்."

சரி என்பது போல இமையை மூடினாள். சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில் போய்விட்டாள்.

மறுநாள் கல்லறையிலிருந்து நேராக ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனேன். மதினி முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்துக் கொடுத்திருந்தாள். ரிக்ஷாக்காரர் இல்லை. அடுத்த வாரமும் போனேன். ஈஸ்டர் கழிந்தும் போனேன். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஒல்லியான ரிக்ஷாக்காரர் என்றால் அந்த ஊரில் யாரைக் காட்டுவார்கள்? அவர் ரத்தத்தோடுதான் அவளைப் புதைத்தோம். அவருக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது இருபத்தைந்து ரூபாய்.