படுதாவில் காய்ந்த செடி

அந்தச் செடியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது அரைத்துப் புண்ணில் பூசிவிடுவார்கள். திருச்சுழிக்குத் தெற்கே, கரிசல் வெடித்துக் கிடக்கும் ஓடைக்கரையில், ஆடு முகர்ந்துவிட்டு நகர்ந்துபோகும் செடி. என் கடைசி இரண்டு வருடங்களை அது தின்றது. அதற்கு முந்தைய இருபதை வேறு செடிகள் தின்றிருந்தன.

மருந்தாகக்கூடிய பொருளைச் செடிகளிலிருந்து பிரிப்பதும், பிரித்த மூலக்கூறை மாற்றிக் கட்டிப் பார்ப்பதும் என் வேலை. மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வகம். கண்ணாடிக் குழாயில் வெள்ளை மணல், அதன் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கும் மஞ்சள். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் என் தலை நரைத்தது.

செடியைப் பறித்து அனுப்பியவர் மதினி, என் அண்ணன் மனைவி. அண்ணனுக்குச் சர்க்கரை. இடதுகால் பெருவிரலில் ஆறாத புண். மதுரைக்குப் போய் விரலை எடுத்துவிடுங்கள் என்று அருப்புக்கோட்டை டாக்டர் சொன்ன அதே வாரம்தான், என் சோதனைத் தட்டில் செடிச்சாறு விட்ட இடத்தைச் சுற்றிக் கிருமி முளைக்காத ஒரு வட்டம் விழுந்தது. சந்தோஷத்தில் போனில் உளறிவிட்டேன்.

"விரல எதுக்குலே எடுக்கணும்? வீட்டுலயே விஞ்ஞானி இருக்கான். நீ மருந்தக் கொண்டா, நான் காலக் கொண்டாறேன்" என்று அண்ணன் சிரித்தார்.

வட்டம் மருந்தாக ஒரு ஆயுள் போதாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றேன்.

பிரித்தேன். பிரித்ததை மறுபடி பிரித்தேன். எல்லாவற்றிலும் ஒரு பிசுக்கு எண்ணெய் ஒட்டிக்கொண்டே வந்தது. பிளாஸ்டிக் வளைவதற்காக அதில் சேர்க்கும் எண்ணெய் அது. எந்த ஆய்வகத்திலும் எதிலிருந்தாவது கசியும். அழுக்கு என்று ஒதுக்கிவிட்டு மற்றவற்றைத் துரத்தினேன். மற்றவை ஒவ்வொன்றாய்ச் சுத்தமாயின. சுத்தமானதும் ஊமையாயின. கிருமிகள் அவற்றின் மேலேயே குடியேறின.

இந்தச் சித்திரையில், செய்வதற்கு வேறெதுவும் மிச்சமில்லாமல், அந்த அழுக்கையே தட்டில் விட்டேன். மறுநாள் காலை, அதே வட்டம்.

அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று பார்க்க, பஸ் ஏறி ஊருக்குப் போனேன். களத்தில் பழைய பிளாஸ்டிக் லாரிப் படுதாவை விரித்து மதினி செடியைப் பரப்பிக்கொண்டிருந்தார். படுதாவில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு கொதிப்பு. இரண்டு வருடமும் அதே படுதா. அதில் உட்கார்ந்து நானே டீ குடித்திருக்கிறேன்.

"மண்ணு ஒட்டக் கூடாதுன்னு கழுவித்தான் விரிக்கேன், கொழுந்தனாரே."

படுதா ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிவந்து, செடியே இல்லாமல், சாறு எடுத்தேன். வட்டம் விழுந்தது. ஓலைப்பாயில் உலர்த்திய செடியில் விழவில்லை.

இதைச் சொல்ல மறுபடியும் போனேன். அதற்குள் அண்ணனின் பாதம் கறுத்திருந்தது.

"அப்ப செடியில ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்லண்ணே. எல்லாம் படுதாவுல இருந்து வந்தது."

"பெறகென்ன, படுதாவையே கால்ல சுத்திக்கிருதேன்."

மதினி சிரிக்கவில்லை. "அந்த எண்ணெயவே மருந்தாக்க ஏலாதா?"

"அது உடம்புக்கு ஆகாது மதினி."

"நாந்தான் கெடுத்துட்டேனா?"

"நான் பாத்திருக்கணும்" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. எழுந்துபோய்ப் படுதாவைச் செடியோடு சேர்த்துச் சுருட்டினார். சருகு நொறுங்கும் சத்தம் வாசல் வரை கேட்டது.

மறுநாள் அண்ணனை மதுரைக்குக் கூட்டிப்போனேன். கட்டைப் பிரித்த டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்: "இவ்வளவு நாள் என்ன செஞ்சீங்க? போன வருசமே வந்திருந்தா ஒரு விரலோட போயிருக்கும். இப்ப முழங்காலுக்குக் கீழ எடுக்கணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "மழ வந்துரும், வெதப்ப முடிச்சுட்டு வருவோம்னு இருந்துட்டேன், டாக்டர். எங்க ஊரு மழையத்தான் தெரியுமே."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே ஆபரேஷனுக்கான சம்மதத் தாளை நீட்டினார். அண்ணன் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். மழை இல்லை, நான்தான் காரணம் என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. பேனாவை வாங்கி, சாட்சி என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.