கரிசலில் இறங்கிய கப்பல்

எண்பதுகளின் நடுவில் நான் கோவில்பட்டியில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்த்தேன். முன்னறையில் டாக்டர் வாயைப் பார்ப்பார். பின்னறையில் நான் அச்சு வார்த்து, மெழுகு வைத்து, பிசினை வேகவைத்து, அரைத்து, மெருகேற்றிப் பல்செட் ஆக்குவேன்.

என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன் சரக்குக் கப்பலில் இன்ஜின் பகுதியில் இருந்தான். ஒருமுறை லீவுக்கு வந்தபோது ஜப்பானில் வாங்கிய ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். மூடியில், சிவந்த பாலைவனத்தில் ஒரு விண்வெளிக் கப்பல் நிற்பதுபோலப் படம். உள்ளே பால்கோவா நிறத்தில் சிறிதும் பெரிதுமாகத் துண்டுகள். கூடவே ஒரு தாள், முழுக்க ஜப்பானிய எழுத்து. அதில் எங்களுக்குப் புரிந்தது கோட்டுப் படங்கள் மட்டும்தான்.

"ஏட்டி, இது பிளாஸ்டிக் இல்ல, ரெசின். கப்பல்ல நாங்க மல்லுக்கட்டிப் பாத்துட்டோம். ஒண்ணோட ஒண்ணு சேரவே மாட்டேங்குது. சும்மா காட்டத்தான் கொண்டாந்தேன்" என்றான்.

ஒரு துண்டை எடுத்து நகத்தால் வருடினேன். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்க் குழிகள். அவசரமாக வேகவைத்த பல்செட்டில் விழுகிற அதே குழிகள்.

"இது எனக்குத் தெரிஞ்ச சாமான்லா?" என்றேன்.

"பல்லுக்கும் ராக்கெட்டுக்கும் என்னட்டி சம்பந்தம்?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "பெட்டிய வச்சிட்டுப் போ. அடுத்த லீவுக்கு வரும்போது நிக்கும், பாரு" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அது என்னை லேசில் விடவில்லை. இரண்டு டியூப்பிலிருந்து பிழிந்து குழைக்கும் பசையைத் தடவி முதல் இரண்டு துண்டுகளை ஒட்டினேன். மறுநாள் தொட்டதும் பிரிந்து கையோடு வந்தன. பசை மேல் சந்தேகப்பட்டு வேறு வாங்கினேன். அதுவும் பிரிந்தது. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் துண்டைத் தொட்ட விரலில் ஏதோ வழவழத்தது. அச்சிலிருந்து கழன்று வருவதற்காகத் தடவிய எண்ணெய் அது. நாங்களும் பல்செட் அச்சில் அப்படி ஒன்றைத் தடவுவோம். எல்லாத் துண்டுகளையும் சோப்புத் தூள் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்தேன். அதன் பிறகு ஒட்டியது பிரியவில்லை.

அடுத்தது இறக்கைகள். இரண்டும் பெட்டிக்குள் கிடந்து முறுக்கிக்கொண்டிருந்தன. வெந்நீரில் போட்டேன். கொதி அதிகமாகிவிட்டது, இறக்கை வேகவைத்த வெண்டைக்காய்போலத் துவண்டது. பதறாமல் கண்ணாடித் தகடு இரண்டுக்கு நடுவே வைத்து, மேலே பிளாஸ்டர் டப்பாவை ஏற்றி ஆறவிட்டேன். எடுத்துப் பார்த்தால் நேராக இருந்தது. அடுத்த இறக்கைக்குக் கைபொறுக்கிற சூடே போதும் என்று தெரிந்துவிட்டது.

உடம்பின் இரு பாதிகளும் சரியாகப் பொருந்த மறுத்தன. எங்கே இடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. டாக்டர் நோயாளியைக் கடிக்கச் சொல்லி, எந்தப் பல் உயரம் என்று பார்ப்பதற்கு ஒரு நீலத் தாள் வைத்திருப்பார். அதை இரு பாதிகளுக்கும் நடுவே வைத்து அழுத்தினேன். இடிக்கிற இடமெல்லாம் நீலப் புள்ளி விழுந்தது. அதை மட்டும் அரைத்தேன். மறுபடி தாள், மறுபடி அரைப்பு. கடைசியில் இரண்டும் 'டக்'கென்று பூட்டிக்கொண்ட சத்தம் இன்றும் எனக்குக் கேட்கும்.

டாக்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "ஏம்மா, கடி சரியா உக்காந்துட்டா?" என்றார்.

"உக்காந்துட்டு டாக்டர்."

"அப்ப சாப்பிடச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கப்பலின் வாலில் மூன்று புகைக்குழாய்கள் வேண்டும். பெட்டியில் இரண்டுதான் இருந்தன. மூன்றாவதை அண்ணன் தன் சரக்குக் கப்பலிலேயே தொலைத்திருந்தான். இருந்ததில் ஒன்றுக்கு அச்சு எடுத்து, பல்செட் பிசினில் மூன்றாவதை வார்த்தேன். ஈறுக்கான பிசின் என்பதால் அது ரோஜா நிறத்தில் வந்தது. கம்பியை ஆணியாக உள்ளே செருகி மூன்றையும் பொருத்தினேன். மூன்றில் எது நான் வார்த்தது என்று நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். பெயிண்ட் அடித்தபின் எனக்கே தெரியவில்லை.

அந்தப் பெயிண்டுக்காக எட்டயபுரம் ரோட்டில் லாரிக்கு வர்ணம் அடிக்கும் பட்டறைக்குப் போனேன்.

"வண்டி எங்கம்மா?" என்று கேட்டார் பெயிண்டர்.

"பைக்குள்ள இருக்கு அண்ணாச்சி."

எடுத்து மேசைமேல் வைத்ததும் கையைத் துடைத்துக்கொண்டு சுற்றி வந்து பார்த்தார். தான் அடித்துத் தருவதாகச் சொன்னார். நானே அடிக்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு பழைய தகரத்தைக் காட்டி, "அதுல அடிச்சுப் பழகுங்க. வழியாம வந்துட்டுன்னா இதத் தொடுங்க" என்றார். பழகினேன். ஆனால் அது ஆடி மாதம். சாம்பல் பெயிண்ட் ஈரம் காய்வதற்குள் காற்று ஒரு சுழற்று சுழற்றி, கரிசல் புழுதியைக் கப்பல் முழுக்க அப்பிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. எல்லாவற்றையும் தண்ணீரில் நனைத்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தேன். காற்று எழும்புவதற்கு முன், விடியலில் பட்டறைக்குப் போய், தரையெல்லாம் தண்ணீர் தெளித்துவிட்டு மறுபடி அடித்தேன். இம்முறை முட்டை ஓடுபோல வழவழப்பாக வந்தது.

கப்பல் நிற்க ஒரு தரை வேண்டுமே. படத்தில் இருந்த சிவப்புப் பாலைவனத்தை நான் பார்த்ததில்லை. ஊருக்கு வெளியே பருத்திக் காட்டிலிருந்து கரிசல் மண் அள்ளி வந்து, பசைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஒரு பலகையில் பரப்பி வெயிலில் வைத்தேன். காய்ந்ததும் அதுவே பாளம் பாளமாக வெடித்துக்கொண்டது. அந்த வெடிப்புகளின் மேல் கப்பலை நிறுத்தினேன்.

மார்கழியில் அண்ணன் வந்தான். பெட்டியை மட்டும் எதிர்பார்த்து வந்தவன், கப்பலைப் பார்த்ததும் பையைக் கீழே வைக்க மறந்து நின்றான். பிறகு, "எல்லாம் சரிட்டி, விண்வெளிக் கப்பல் கரிசல்லயா எறங்கும்?" என்றான்.

"ஏன், எறங்கக் கூடாதா?"

அப்போதுதான் பையைக் கீழே வைத்தான்.

அந்த வாரம் எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் அறுப்பின் பண்டிகை. கைவேலைப் பொருட்களோடு பார்வைக்கு வைக்கலாம் என்று பாதிரி ஐயர் கேட்டதால் கப்பலைக் கொண்டுபோனேன். பூசணி, கம்பு, சேவல், பின்னல் விரிப்பு என்று படைத்ததெல்லாம் ஏலம் போய்க்கொண்டிருந்தது. ஏலம் விடுகிறவர் யாரிடமும் கேட்காமல் கப்பலையும் தூக்கிவிட்டார். நான் சுதாரிப்பதற்குள் ஏலத் தொகை ஏறத் தொடங்கியது. விளாத்திகுளம் பக்கத்தில் மிளகாய் விளைவிக்கும் சம்சாரி ஒருவர் விடாமல் கேட்டார். அவரை எதிர்த்து ஏலம் கேட்பது யார் என்று பார்த்தால் என் அண்ணன்! கப்பல் கைவிட்டுப் போய்விடுமே என்று அவன் வெறிபிடித்தவன்போல ஏற்றிக்கொண்டிருந்தான்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், "அது ஏலத்துக்கு இல்ல! நான் செஞ்சது!" என்று கத்தினேன். அதற்கு முன் நான் நாலு பேர் நடுவில் குரல் உயர்த்தியதே இல்லை.

மைக்கில், "யாரு செஞ்சது?" என்று கேட்டார் ஏலக்காரர்.

அண்ணன் பெஞ்சுமேல் ஏறி நின்றான். "எந்தங்கச்சி! கப்பல்ல நாங்க அத்தன பேரும் தோத்தத இவ ஒத்தையில செஞ்சிருக்கா!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மிளகாய்ச் சம்சாரி அருகில் வந்து குனிந்து பலகையைப் பார்த்தார். "கப்பல் எனக்குத் தெரியாது தாயி. மண்ணு நம்ம மண்ணுல்லா, அதான் கேட்டேன்" என்றார். "வேற ஒண்ணு செஞ்சு தருவியா?"

"அந்தப் பெட்டி இங்கன கிடைக்காதுய்யா."

"அப்ப நீ வேற என்ன செய்வ?"

"பல்லு கட்டுவேன்."

அவர் பெரிதாகச் சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல்லும் இல்லை. அடுத்த வாரமே டாக்டரிடம் வந்து, கப்பல் செய்த பிள்ளைதான் தனக்குப் பல் கட்ட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார். வாயைப் பார்ப்பது டாக்டர் வேலை, செய்வது அந்தப் பிள்ளைதான் என்று டாக்டர் விளக்கி, என்னை முன்னறைக்குக் கூப்பிட்டுக் காட்டினார்.

லீவு முடிந்து கிளம்பும்போது அண்ணன் கப்பலைத் தன்னோடு கொண்டுபோகக் கேட்டான். கூட வேலை பார்க்கிறவர்களிடம் காட்ட வேண்டுமாம். தர முடியாது என்று சொல்லிவிட்டேன். போட்டோ எடுத்துக்கொண்டு போனான். படத்தில் கப்பலுக்குப் பக்கத்தில் நானும் நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். நிமிர்ந்துதான் நின்றேன்.