தெற்கு முடியும் இடத்துக்கு ஒரு சமையல்காரன்

மேல்நெல்லிப்பட்டுச் சடையனுக்குக் கருமாதி நடந்த அன்று, சடையன் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். உப்பு கொஞ்சம் கம்மி என்று குறையும் சொன்னான். சமையல்காரன் வாய் எந்த நிலையிலும் சும்மா இருக்காது.

ஜவ்வாது மலைமேல் ஒரு காட்டிலாகா பங்களாவில் அவனுக்கு வேலை. போளூரிலிருந்து ஜீப்பில் வரும் அதிகாரிகளுக்குக் கோழிக் குழம்பு வைப்பான், வெந்நீர் போடுவான், அவர்கள் சொல்லும் வேட்டைக் கதைகளை நம்புவதுபோல் நிற்பான். எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம் கோபால்சாமி என்ற டெல்லி அதிகாரி வந்து தங்கினார். அவர் சந்தன மரத்தை எண்ண வந்தவரல்ல. பூமியின் அடிப்பக்கத்திலிருக்கும் பனிக்கண்டத்துக்குக் கோவாவிலிருந்து ஒரு கப்பல் போகப்போகிறது. அதில் போகிறவர்களின் சாப்பாட்டுப் பொறுப்பு இவருடையது. டெல்லியில் போன் தொல்லை என்று, திட்டம் போட மலைக்கு வந்துவிட்டார். ஆக, நாட்டின் மற்ற பெரிய திட்டங்களைப் போலவே இதுவும் சாப்பாட்டு மேசையில்தான் உருவானது.

மேசை நிறைய வரைபடத்தை விரித்திருந்தார். ரசம் கொண்டுவந்த சடையன் பாத்திரத்தை வைக்க இடம் தேடினான்.

"இன்னா சார், இம்மாம் வெள்ளையா கீது? அச்சடிக்க மறந்துட்டாங்களா?"

"பனிப்பா. ஊரே கிடையாது."

"ஆளில்லாத எடத்துல யாருக்கு சார் சமையல்?"

"போறவங்களுக்குத்தான். இதக் கேளு, வெங்காயம் அந்தக் குளிருக்குத் தாங்குமா?"

"கல்லாட்டம் ஆயிடும் சார். புளி தாங்கும். சாமை தாங்கும். கருவாடு எதையும் தாங்கும். கூட வர்றவங்கதான் கருவாட்டத் தாங்கணும்."

கோபால்சாமி சிரித்தார், ரசத்தைக் குடித்தார், இன்னொரு டம்ளர் கேட்டார். ஒரு வாரம் இப்படியே போனது. கிளம்பும்போது, "நீயும் வாயேன்" என்றார். மார்கழியில் போய் மாசி பங்குனியில் திரும்பலாம். வேலூரில் உடம்பைப் பரிசோதித்துச் சரியென்றால் போதும் என்றார்.

சடையன் அன்று சாயங்காலமே ஊருக்குள் போய்ச் சொல்லிவிட்டான். அங்கேதான் தப்பு நடந்தது. கப்பல் என்று சொல்லியிருக்கலாம், கோவா என்று நிறுத்தியிருக்கலாம். ஊர் நாட்டாமை சக்கரவர்த்தி திசையைக் கேட்டார். அவன் பெருமையில் திசையைச் சொன்னான்.

"தெக்க மாமா."

"தெக்கன்னா? திருவண்ணாமல பக்கமா?"

"அதயும் தாண்டி, மதுர தாண்டி, கடலத் தாண்டி. தெக்கு முடியற எடம். அதுக்கப்பால தெக்குன்னே ஒண்ணு கெடையாது."

சுற்றியிருந்தவர்கள் தெற்கே திரும்பிப் பார்த்தார்கள். மேல்நெல்லிப்பட்டில் பிணத்தைத் தெற்கே தலைவைத்துப் புதைப்பார்கள். போனவர்களுக்குப் பொழுது சாயும் நேரத்தில் தெற்கே இலை போடுவார்கள். போனவர்கள் தெற்கேதான் இருக்கிறார்கள் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எவ்வளவு தெற்கே என்பதுதான் தெரியாமல் இருந்தது. இப்போது கவருமெண்டே கண்டுபிடித்துவிட்டது.

"அங்க யாரு கீறாங்களாம்?" என்று நாட்டாமை மெதுவாகக் கேட்டார்.

"மனுசங்க யாரும் இல்லியாம் மாமா. நாம போற காலத்துல பொழுதே சாயாதாம்."

"பொழுது சாயலன்னா எலை போட முடியாதே. அப்ப எல்லாரும் பசியோடதான் கீறாங்க."

மறுநாளிலிருந்து சடையன் வீட்டு வாசலில் கூட்டம். ஒருத்தி செத்துப்போன புருஷனுக்கு மொச்சை கொண்டுவந்தாள். ஒருவன் அப்பனிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னான். புருஷனை இழந்த பக்கத்து வீட்டு மங்கம்மாள் கம்பளி ஒன்றை நீட்டி, "ஒங்க அண்ணன் குளுரு தாங்க மாட்டாரு தம்பி, பாத்துக் குடு" என்றாள். சடையன் உள்ளுக்குள் சிரித்தபடி எல்லாவற்றையும் வாங்கி வைத்தான்.

நாட்டாமைதான் சட்டத்தை எடுத்தார். உயிரோடு போகிறவனுக்கு அந்த வாசல் திறக்காது. சடங்கைச் செய்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

"நீ அங்க போய்ப் பதில வாங்கியா. அன்னிக்கே பேரச் சொல்லிக் கூப்ட்டு ஊட்டுக்குள்ள வுட்டுடறோம். அதுவரிக்கும் நீ செத்தவன். ஒத்துக்கினா செய்யறேன், இல்லன்னா வுட்டுடு."

"உசுரோட கீற ஆளுக்கு நான் ஏன் வளையலக் கயிட்டணும்?" என்றாள் அவன் மனைவி மாதம்மாள்.

"மூணு நாலு மாசம்தான் புள்ள. கப்பல்ல போற ஆளு நானு. கண்ணாடி வளையலா பெருசு?"

அவள் கழற்றினாள். கருமாதி நடந்தது. பந்தி முடிந்து சடையன் எழுந்தபோது, அவன் இலையை எடுக்க யாரும் வரவில்லை. அவன்மேல் யார் கண்ணும் படவில்லை. நல்லா நடிக்கிறாங்க என்று நினைத்துக்கொண்டே மலை இறங்கினான்.

வேலூரில் நெஞ்சைத் தட்டினார்கள், ரத்தம் எடுத்தார்கள், மூத்திரம் கேட்டார்கள். எல்லாம் சுத்தம். கடைசியாக வாயைத் திறக்கச் சொன்ன டாக்டர், கடைவாயில் ஒரு சொத்தைப் பல்லைப் பார்த்தார். பனிக்கண்டத்தில் பல் டாக்டர் இல்லை. பிடுங்கி, புண் ஆறி, மறுபடி காட்டுவதற்குள் வேறொரு சமையல்காரனை எடுத்துவிட்டார்கள்.

மலையடிவாரத்து அமிர்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி மலையேறினான். வழியில் மங்கம்மாள் விறகுச் சுமையோடு எதிரே வந்தாள்.

"அக்கா, நான் போவல. பல்லு சரியில்லன்னுட்டாங்க."

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "காத்து ஜில்லுன்னு வருது" என்று தனக்குள் சொல்லியபடி கடந்து போனாள். ஊருக்குள் நாய் ஒன்று மட்டும் வாலாட்டியது. நாய்க்கு ஆவி தெரியும் என்பது எல்லோரும் அறிந்தது. அதுவும் அவனுக்கு எதிரான சாட்சியாகப் போயிற்று. வீட்டு வாசலில் பொழுது சாயக் காத்திருந்தான். மாதம்மாள் வந்து தெற்கே இலை போட்டுச் சோறு வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பசியில் சாப்பிட்டுவிட்டான். சாப்பிட்டது செத்தவனுக்கு வைத்த சோறு என்பது கை கழுவும்போதுதான் உறைத்தது.

அதிகாரிகளின் ஜீப் டிரைவர், போளூர்க்காரன் ஜேம்ஸ், விஷயம் கேள்விப்பட்டு நேரே ஊருக்குள் வந்தான்.

"இன்னாங்க நாட்டாமை, இந்தாளு இங்கதான நிக்கறாரு? நல்லாத்தான இருக்காரு?"

"யாரு இல்லன்னா தம்பி? நல்லாத்தான் இருந்தான்" என்றார் நாட்டாமை வருத்தத்தோடு.

ஜேம்ஸ் கத்தினான், ஏசுவைச் சாட்சிக்கு அழைத்தான், சடையன் தோளில் தட்டிக் காட்டினான். சுற்றி நின்றவர்கள், வெறும் காற்றைத் தட்டுகிற ஒருவனைப் பார்ப்பதுபோல் இரக்கத்தோடு பார்த்தார்கள். அடுத்த வாரம் பங்களாவில் சடையன் டீ நீட்டியபோது, ஜேம்ஸ் டம்ளரோடு அவன் விரலையும் சற்று அழுத்திப் பிடித்துப் பார்த்தான்.

"இன்னா ஜேம்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. கை ரொம்பச் சில்லுனு கீது."

"தண்ணியில கீற கை."

"பரவால்லண்ணே. இனிமே அப்டி மேசமேல வெச்சிடு."

பகலில் பங்களாவில் அதிகாரிகள் அவனைப் பேர்சொல்லிக் கூப்பிட்டு வேலை வாங்கினார்கள். சாயங்காலம் இறங்கி வந்து வாசலில் இலைக்குக் காத்திருந்தான். மங்கம்மாள் தினமும் சுவர் ஓரமாக நின்று, "அண்ணனப் பாத்தியா தம்பி? கம்பளி பத்துதாமா?" என்று கேட்பாள். "இன்னும் போவலக்கா, கம்பளி இங்கியேதான் கீது" என்பான். அவள் கொஞ்சநேரம் காதுகொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காததுபோல் போய்விடுவாள். நடக்கும்போது தன் காலடி கேட்கிறதா என்று அவனே நின்று பார்க்க ஆரம்பித்தான். ஈர மண்ணில் பல நாள் கேட்கவில்லை.

ஒரு வருஷம் ஆயிற்று. கோபால்சாமி மறுபடி வந்தார். போன தடவை போன சமையல்காரனுக்கு ரசம் வைக்கத் தெரியவில்லையாம்.

"இந்தத் தடவை நீதான். பல்தான் போயிடுச்சே, இடம் உறுதி."

சடையன் ஓடி வந்தான். இந்தத் தரம் போய்விட்டுத் திரும்பினால் ஊர் பேர்சொல்லிக் கூப்பிடும்; மாதம்மாள் கதவைத் திறப்பாள். அவள் இலை போட்டுக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் அவள் முதுகிடம் சொன்னான்.

மாதம்மாள் உள்ளே போகவில்லை. அப்படியே நின்றாள்.

"கப்பலு முழுவிப்போச்சின்னா?" என்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு.

"முழுவாது புள்ள. பெரிய கப்பல்."

"பல்லுக்கு நின்னுபோன பயணம் அது. முழுவாதுன்னு நீ சொல்ற. ரெண்டாந்தரம் கயிட்டறதுக்கு எங்கிட்ட இன்னா கீது?"

அவள் அவன் எதிரே உட்கார்ந்தாள். அவன் இலையிலிருந்து ஒரு பிடி சோறு எடுத்து வாயில் போட்டாள். சுவர் ஓரத்தில் மங்கம்மாள் நின்றிருந்தாள். செத்தவனுக்கு வைத்த சோற்றில் உயிரோடிருப்பவர் கை வைத்தால் அவர் இந்தப் பக்கத்து ஆள் அல்ல. அது மங்கம்மாளுக்குத் தெரியும், மாதம்மாளுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். மெதுவாக மென்றாள். இன்னொரு பிடி எடுத்தாள்.

"நீ அங்க போய்த் திரும்பி வர வேணாம்யா. நான் வந்துட்டேன்."

கப்பல் சமையலுக்கு வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு போயிற்று. கோபால்சாமிக்குக் காரணம் கடைசிவரை புரியவில்லை. மலை ஜனங்களுக்கு முன்னேறும் ஆசை இல்லை என்று குறிப்பு எழுதியிருப்பார்.

மறுநாள் கொல்லைக்காட்டு வேலைக்கு மாதம்மாளை யாரும் கூப்பிடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் அந்த வீட்டு வாசலில் தெற்கே பார்த்து இரண்டு இலை விழுந்தது. போட்டவள் மங்கம்மாள். முகத்தைத் திருப்பிக்கொண்டே பேசினாள்.

"மாதம்மா, நீயாவது எங்க ஊட்டுக்காரரப் பாத்தா கேளு. ஒரு வருசமா சொல்லிகினு கீறேன், ஒன் புருசங்கிட்டருந்து ஒரு பதிலு வரல. ஆம்பளைங்கள நம்ப முடியல."

"கேக்கறேங்க்கா" என்றாள் மாதம்மாள்.

மங்கம்மாள் திருப்தியோடு தலையாட்டிவிட்டுப் போனாள். சடையனும் மாதம்மாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பு வந்தது. செத்தவர்கள் சிரிப்பது ஊருக்கு நல்லதில்லை என்று அடக்கிக்கொண்டார்கள்.