குல்லாக்காவின் கோபம்

அந்தத் தெருவில் பாதித் தலைகள் குளிர்காலத்தைக் கழிப்பது குல்லாக்கா பின்னிய குல்லாவுக்குள்தான். மீதிப் பாதி, "ஊருக்கே குல்லா போடுற பொம்பளை" என்று அவளைக் கிண்டலடித்துவிட்டு, மூக்கு ஒழுக ஆரம்பித்ததும் அவள் வாசலில் வந்து நிற்கும். அவளும் முகம் கோணாமல் எடுத்துக் கொடுப்பாள். குல்லா மட்டுமில்லை. மஃப்ளர், கையுறை, துணிப்பை, மூக்குக்கண்ணாடி உறை, மிச்சத் துணியில் தைத்த குட்டிப் பர்ஸ் என்று முன்னறை முழுக்க அவள் சாமான்தான். அங்கே யாரும் பொத்தென்று உட்கார்ந்துவிட முடியாது. ஊசி எந்த மெத்தைக்குள் இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

சும்மா சொல்லக்கூடாது, கை அப்படியொரு கை. எங்கே தையல் போட்டாள் என்று தேடினாலும் கிடைக்காது. ஆனால் அளவு மட்டும் அவள் பேச்சைக் கேட்காது. அதே நூல், அதே ஊசி, அதே கண்ணிகள். ஒரு குல்லா பெரிய மனுஷன் தலையில் கச்சிதமாக உட்காரும், அடுத்தது கைக்குழந்தைக்குத்தான் ஆகும். மனசு சரியில்லாத நாளில் நூலை இழுத்துப் பிடித்துவிடுவாள், பின்னல் இறுகிப்போய்விடும். வீட்டில் அதற்குக் "கோபக் குல்லா" என்று பேர். தெருவில் யாருக்காவது பிரசவம் என்று கேள்விப்பட்டால் அவள் வீட்டுக்காரர், "கவலைப்படாதீங்க, இன்னிக்கு ஒரு சண்டை போட்டு உங்க பாப்பாவுக்கு ஒண்ணு ரெடி பண்ணிடறேன்" என்பார். கொஞ்ச நாளாகக் கோபக் குல்லாக்கள் கணக்குவழக்கில்லாமல் பெருகியிருந்தன. வயசாகிவிட்டது, விரல் சொன்னபடி கேட்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டுக்காரர் அச்சகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க வலது பக்கத்தில் ஒரு மெஷின் தடதடவென்று ஓட, அதை ஒட்டியே நின்றவர். தெருவுக்கு அவர் அச்சுக்காரர். குல்லாக்கா எதைப் பின்னி முடித்தாலும் முதலில் அவர் தலையில்தான் ஏறும். காதை மூடி இழுத்து மாட்டுவாள். மாட்டிய மறு நொடி அவருடைய ரெண்டு கையும் மேலே போய், ரெண்டு பக்கமும் விளிம்பை மடித்துவிடும்.

"காதை அடைக்குது."

"குளிருக்குத்தானே குல்லா? காதை மூடாம பின்ன எதை மூடும்?"

"காதை மூடிட்டா நீ திட்டறது எப்படிக் கேக்கும்?"

முப்பது வருஷமாக இதே பேச்சுதான். இருந்தும் ரெண்டு பேருக்கும் அது சலிக்கவில்லை.

சாயங்காலமானால் ஜன்னலைப் பார்த்து ஆளுக்கொரு நாற்காலி. அவளுடையது அவருக்கு வலது பக்கம், மேஜை விளக்குப் பக்கத்தில். ஒரு நாள் அந்த விளக்கில் பல்பு போய்விட்டது. நாற்காலியை இழுத்துக்கொண்டு சமையலறை வெளிச்சம் விழும் இடத்துக்கு, அவருடைய இடது பக்கம், வந்து உட்கார்ந்தாள். பல்பு வாங்கி வைக்கவேண்டியது யார் என்று ஆரம்பித்தது பேச்சு. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. பல்பில் கிளம்பி, கல்யாணத்துக்கு அவருடைய சித்தப்பா தாமதமாக வந்தது வரைக்கும் போய், மறுபடி பல்புக்கே வந்து சேர்ந்தார்கள். இருவரும் தொண்டை வறண்டு ஓய்ந்தபோது அவள் மடியில் சாம்பல் நிறத்தில் ஒரு குல்லா முடிந்திருந்தது.

மறுநாள் மகள் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். மருந்துக்கடையில் வேலை, வீட்டில் பட்டப்பேர் மேனேஜர், ஏனென்று போகப் போகத் தெரியும். மருந்துக்கடைக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடை. அந்தக் கடைக்காரம்மா குல்லாவைப் பார்த்தாள், கழற்றி வாங்கி உள்ளும் புறமும் திருப்பினாள். ரெண்டு நாள் கழித்து நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள், கையில் மரத்தில் கடைந்த ஒரு தலையோடு.

"அக்கா, குளிர் முத்தறதுக்குள்ள கடை ஜன்னல் நிறைய இந்தக் குல்லா அடுக்கணும். ஜன்னல்ல உங்க பேரையும் எழுதி வைக்கறேன். ஆனா எல்லாம் ஒரே அளவா இருக்கணும். இந்தத் தலையில மாட்டினா விளிம்பு இங்க வந்து நிக்கணும்." மரத்தலையில் காது இருக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு குறி. "ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னா வேணாம்க்கா. வீட்ல செஞ்சதுன்னா இப்படித்தான்னு ஜனங்க சொல்லிடுவாங்க."

குல்லாக்காவுக்குச் சுருக்கென்றது. போன வருஷம் வேறொரு கடைக்காரன் ஒரு பை நிறையக் குல்லாவை இதே வார்த்தையைச் சொல்லித் திருப்பி அனுப்பினான். அன்றைக்குக் குழாயைத் திறந்துவிட்டுவிட்டுக் குளியலறையில் அழுதாள். இத்தனை வருஷம் கைவேலை செய்து, ஒரு கடை ஜன்னலில் ஒரு தடவை தன் பேரைப் பார்த்துவிட மாட்டோமா என்று அவளுக்கு ஆசை. பெரிய ஆசை, வெளியில் சொல்லாத ஆசை.

அவள் துணி காயப்போடப் போன நேரம் பார்த்து மேனேஜர் சட்டம் போட்டாள். "அப்பா, இந்த ஆர்டர் முடியற வரைக்கும் அம்மாவுக்குக் கோபமே வரக்கூடாது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதீங்க. எது கேட்டாலும் சரின்னு சொல்லிடுங்க. புரியுதா?"

அச்சுக்காரர் சாப்பாட்டு மேஜையில் குந்தியிருந்த மரத்தலையைப் பார்த்தார். "ஏற்கெனவே என் தலைக்கு வேலை போச்சு. இப்ப வாய்க்குமா?" என்றார். ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் அப்படியொரு அமைதி. கேட்கவே சகிக்காது. விளக்குக்குப் புது பல்பு வந்துவிட்டது, அவள் தன் பழைய இடத்துக்கே போய்விட்டாள். ஊசிகள் டிக்டிக்கென்று ஓடும். அவள் பேசிக்கொண்டே பின்னுவாள்.

"ஏங்க, இந்த அலமாரிய அந்தச் சுவர் ஓரமா நகர்த்திடலாமா?"

"சரி."

"உங்க தங்கச்சிய ஒரு மாசம் வந்து தங்கச் சொல்லவா?"

"சரி."

தங்கச்சி பேரைச் சொன்னாலே அரை மணி நேரம் புலம்புகிற மனுஷன்! குல்லாக்கா ஓரக்கண்ணால் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சரி, பார்த்துவிடுவோம் என்று வேண்டுமென்றே கேட்டாள். "உங்க பழைய கம்பளிக் கோட்டு இருக்கே, அத வெட்டிப் பர்ஸ் தைச்சுக்கட்டுமா?"

அந்தக் கோட்டு அவருக்கு உயிர். முதல் சம்பளத்தில் தைத்தது, முழங்கை தேய்ந்து போனது, துவைக்கக்கூட யாரிடமும் தரமாட்டார்.

"சரி," என்றார்.

அவளுக்கு வந்ததே ஆத்திரம். மறுநாளே வெட்டினாள். அவர் அலமாரியைத் திறந்து தேடினார், அப்புறம் முன்னறைக்கு வந்து பழுப்புக் கட்டம் போட்ட பர்ஸ்களைப் பார்த்தார். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. இந்த மனுஷன் சண்டைக்கு வராமல் இருக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? டாக்டர் ஏதாவது சொல்லிவிட்டாரா? மகளுக்கும் தெரியுமா? மேனேஜரிடம் கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா, நீ பாட்டுக்கு நிம்மதியாப் பின்னு," என்று தேன் ஒழுகப் பேசினாள். அந்தப் பெண் என்றைக்குத் தேன் ஒழுகப் பேசியிருக்கிறாள்? அது போதாதா, பயம் இரட்டிப்பாயிற்று. பகலெல்லாம் அவர் நடக்கிற நடையைப் பார்ப்பாள், மூச்சு வாங்குகிறதா என்று பார்ப்பாள், சாப்பிடுகிற அளவைப் பார்ப்பாள். எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது. அதுவே அவளுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

குல்லாக்கள் இறுகின. ஒவ்வொன்றாக மரத்தலையில் மாட்டுவாள், குறிக்கு மேலேயே நின்றுவிடும். இழுத்தால் வராது. மறுபடி பிரிப்பாள். பிரித்த நூல் சுருண்டு சுருண்டு கிடக்கும்; அதை நனைத்து, கொடியில் தொங்கவிட்டு, நேராவதற்காகக் கீழே குவளையைக் கட்டிவிடுவாள். வீட்டுக்குள் எங்கே திரும்பினாலும் சாம்பல் நிற நூல், அடியில் ஒரு குவளை. போகிறவர் வருகிறவர் மண்டையில் எல்லாம் இடித்தது. கடைக்காரம்மா வரவேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. ஜன்னலுக்கு வேண்டியதில் பாதிகூடத் தேறவில்லை. "எனக்குக் கொடுத்துவைக்கலை, அவ்வளவுதான்," என்று ஒரு ராத்திரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னொன்று முடிந்தது. மரத்தலை அதையும் ஏற்கவில்லை.

"மரக்கட்டைக்கு என்ன தெரியும்?" என்று கழற்றி எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அச்சுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து அவர் தலையில் குல்லாவை வைத்து, ரெண்டு காதையும் மூடி, முடிந்தவரை இழுத்தாள். பழக்கதோஷம், கைகள் மேலே போகும் என்று காத்திருந்தாள்.

இடது கை மட்டும்தான் போனது. இடது பக்க விளிம்பை மடித்துவிட்டுக் கீழே வந்து பேப்பரைப் பிடித்துக்கொண்டது. வலது காதின் மேல் குல்லா மூடியபடியே கிடந்தது. அதை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

குல்லாக்காவுக்கு அது புதுசு. முப்பது வருஷத்தில் எத்தனை குல்லா இந்தத் தலையில் ஏறியிருக்கும்! ஒரு தடவைகூட ஒரு பக்கம் மட்டும் மடித்தது கிடையாது. குனிந்து, அந்த வலது காதோரம், சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னாள். "ஏங்க, வீடு தீப்பிடிச்சு எரியுது."

அவர் பக்கத்தைப் புரட்டினார்.

சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தாள். அதே குரலில், அதையே சொன்னாள்.

"எங்க? எங்க?" பேப்பர் ஒரு பக்கம், மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் பறக்க, அச்சுக்காரர் துள்ளி எழுந்துவிட்டார்.

"உட்காருங்க. எங்கயும் எரியல." கீழே கிடந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். "வலது காது எத்தனை நாளாக் கேக்கல?"

அவர் உட்கார்ந்தார். குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ரொம்ப நாளாவே," என்றார். "கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. அந்த மெஷின் தின்னுடுச்சு. அந்தப் பக்கம் பேசறது இடது காதுக்கும் சரியா எட்டறதில்ல."

"ஏன் சொல்லல? ஆர்டர் முடியட்டும்னா?"

"அதுக்கும்தான்."

"ஆர்டர் இப்ப வந்தது. அதுக்கு முன்னாடி?"

அச்சுக்காரர் குல்லாவின் விளிம்பை விரலால் நீவினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "சொன்னா நீ பேசறத நிறுத்திடுவ. கேக்காத காதுகிட்ட யாராவது பேசுவாங்களா? நீ பக்கத்துல உக்காந்து ஏதோ பேசிக்கிட்டே பின்னற. அது இல்லாம எனக்குச் சாயங்காலம் எப்படிப் போகும்?"

"அப்ப, கேட்டதுக்கெல்லாம் சரி சரின்னீங்களே?"

"நீ என்னை ஏதாவது கேட்டா உன் ஊசி நின்னுடும். நான் பதில் சொல்ற வரைக்கும் ஓடாது. ஊசியையே பாத்துக்கிட்டு இருப்பேன். நின்னா, சரின்னு சொல்லுவேன். திரும்ப ஓடும். குல்லாவையும் ரெண்டு பக்கம் மடிச்சு ஒப்பேத்துவேன், இன்னிக்குப் பேப்பர் சுவாரசியத்துல விட்டுட்டேன்."

குல்லாக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நாள் இந்த மனுஷன் தன் விரலைப் பார்த்தே குடித்தனம் நடத்தியிருக்கிறார்! இவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எத்தனை நாள் உள்ளுக்குள் செத்துச் செத்துப் பிழைத்தோம்! பாவி மனுஷன், பாவி மனுஷன் என்று அவர் முழங்காலில் குத்தினாள். குத்திய கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காது டாக்டர்கிட்ட போறோம்."

"சரி."

"இது எந்தச் சரி? ஊசிச் சரியா?"

"இல்ல, இது கேட்ட சரி."

அவள் எழுந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தன் நாற்காலியை இழுத்தாள். விளக்கைப் பிடுங்கினாள். எல்லாவற்றையும் கொண்டுபோய் அவருக்கு இடது பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இறுகிப்போன குல்லாவைக் கடாசிவிட்டு, புது நூல்கண்டை எடுத்துக் கண்ணி போட ஆரம்பித்தாள்.

"இப்ப நல்லாக் கேக்குதா?"

"ஜோராக் கேக்குது."

"அப்ப கேட்டுக்கங்க. உங்க தங்கச்சி வர்றா. ஒரு மாசம் இருப்பா."

"என்னது? யாரைக் கேட்டு வரச் சொன்ன?"

"உங்களைக் கேட்டுத்தான். சரின்னு சொன்னீங்களே!"

"நான் ஊசிக்குச் சொன்னேன், அவளுக்கா சொன்னேன்? போன தடவை வந்தப்ப என்ன ஆச்சுன்னு மறந்துடுச்சா உனக்கு?"

"நல்லா ஞாபகம் இருக்கு. தப்பு யார் மேலங்கறதும் ஞாபகம் இருக்கு."

பிடித்துக்கொண்டது. தங்கச்சியில் கிளம்பி அலமாரிக்குப் போனார்கள். அலமாரியிலிருந்து, ஐயோ, கோட்டுக்கு வந்தார்கள். அடைத்து வைத்திருந்ததெல்லாம் அவர் வாயிலிருந்து கொட்டியது. "என் முதல் சம்பளம்டி அது! கத்தரி வைக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?" அவளும் விடவில்லை. சாப்பிட எழுந்தபோது மட்டும் ஒரு இடைவேளை. சாப்பிட்டுவிட்டு மறுபடி ஆளுக்கொரு நாற்காலி. ஊசிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

பொழுது சாயும் நேரத்துக்கு வெளியே போயிருந்த மேனேஜர் திரும்பி வந்தாள். வாசலிலேயே சத்தம் கேட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தாள். "அப்பா! என்ன பண்றீங்க? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அம்மா, கோபப்படாதம்மா, ஆர்டர், ஆர்டர்..."

குல்லாக்கா அப்போதுதான் பின்பக்கத்தைத் தைத்து நூலைக் கடித்தாள். எழுந்துபோய் மரத்தலையில் குல்லாவை வைத்தாள். இழுக்கவே இல்லை. அதுவாக இறங்கி, பென்சில் குறியில் வந்து நின்றது.

மேனேஜர் வாயைப் பிளந்து பார்த்தாள். "இவ்வளவு சண்டையிலயா?"

"சண்டை போடறப்ப என்னிக்குடி என் கை இறுகிச்சு?" என்றாள் குல்லாக்கா. "கடைக்காரம்மா பாத்துக் கேட்ட குல்லாவ எப்பப் பின்னினேன்? பல்பு போன அன்னிக்கு. அன்னிக்கு நாங்க போட்ட சண்டை நாலு வீட்டுக்குக் கேட்டுச்சே. மனுஷன் எதிர்த்துப் பேசாம உக்காந்திருந்தாத்தான் என் கை இறுகும்."

சொல்லிவிட்டு நாற்காலிக்கு வந்தாள். அதை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். அடுத்த குல்லாவுக்கு நூலை எடுத்தாள்.

"நீங்க சொல்லுங்க. கோட்டுல எங்க விட்டீங்க?"

அச்சுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.