நாக்கு வெளுத்தால் வரச் சொன்னார்

அக்கா ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் டிபன் கடை வைத்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் இறந்து ஆலங்காயத்தில் தனியாக இருந்தவளை, தாலுகா ஆபீசுக்கு எனக்கு மாற்றல் வந்தபோது என்னோடு மலைக்குக் கூட்டி வந்தேன். சும்மா உட்கார முடியாது என்று அவளாகவே ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்து இட்லிப் பானையை ஏற்றிவிட்டாள். மனு கொடுக்க வருகிறவர்கள், பஸ் டிரைவர்கள், எங்கள் ஆபீஸ்காரர்கள் எல்லோரும் அங்கேதான் சாப்பிட்டார்கள். சாமைப் பொங்கலும் வேர்க்கடலைச் சட்னியும் பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். உப்பையோ காரத்தையோ அவள் அளந்து போட்டதில்லை. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

முடக்குவாதம் அவளுக்கு விரல்களில்தான் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் கை மடங்காது. மாவுக் கரண்டியை இரண்டு கையாலும் பிடிப்பாள். தைலம், பத்தியம், ஜெபம் எல்லாம் பார்த்தாள். இங்கிலீஷ் மருந்து மட்டும் கூடாது. கடைசி வருஷத்தில் தின்ற மாத்திரைகள்தான் தன் புருஷனைக் கொண்டுபோயின என்று நம்பினாள். "நாம ஒரு நோவுன்னு போவோம், அவங்க குடுக்கிற மருந்து இன்னொண்ண இழுத்துக்கினு வரும்" என்பாள்.

இரண்டு வருஷம் மல்லுக்கட்டி அவளை வாணியம்பாடியில் ஒரு மூட்டு டாக்டரிடம் கூட்டிப் போனேன். ரத்தப் பரிசோதனையில் ஈரல் சரியில்லை என்று வந்தது. அதனால் இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரையைக் கொடுக்க முடியாது என்று சொல்லி, ஓர் ஆன்டிபயாடிக் கேப்சூலை எழுதினார். கிருமிக்கான மருந்துதான், சிலருக்கு மூட்டு வீக்கத்தையும் குறைக்கும், ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும் என்றார். அக்கா தலையாட்டிவிட்டு வெளியே போய்ச் செருப்பைத் தேடினாள். டாக்டர் என்னை நிறுத்தினார்.

"இவ்ளோ நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டா வாயில பூஞ்சை வரலாம்மா. நாக்கு வெளுத்துப் படியும், எரியும், ருசி தெரியாது. வாயில வெச்சுக் கரைக்கிற மாத்திரை ஒண்ணு சேர்த்து எழுதியிருக்கேன். நாக்கு வெளுத்தா அதை ஆரம்பிச்சிட்டு உடனே வாங்க. அவங்க கிட்டயும் சொல்லிடுங்க."

சரிங்க என்றேன். ஆனால் சொல்லவில்லை.

மலை ஏறும் பஸ்ஸில் அக்கா கேட்டாள். "இன்னாடி, உள்ள உன்னை மட்டும் நிக்கவெச்சு இன்னா சொன்னாரு?"

"ஒண்ணுமில்லக்கா. விடாம சாப்புடச் சொன்னாரு."

உண்மையைச் சொன்னால் அடுத்த வளைவிலேயே கேப்சூல்களை ஜன்னல் வழியே எறிந்துவிடுவாள் என்று நினைத்தேன். வாயில் கரைக்கும் மாத்திரை அட்டையை பீரோவில் என் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். அவள் நாக்கை நானே அப்போதைக்கப்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது என் ஏற்பாடு. ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

மருந்து வேலை செய்தது. மூன்றாம் மாதம் ஒரு காலை, கடையிலிருந்து நேராக என் ஆபீசுக்கு வந்து, எல்லோர் முன்னாலும் கையை மூடிக் காட்டினாள். ஐந்து விரலும் மடங்கியிருந்தன. "பாருடி, பாரு" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். நான் செய்தது சரிதான் என்று அன்றைக்கு உறுதியாக எண்ணிக்கொண்டேன்.

ஆறாம் மாதம் பொங்கலில் உப்பு ஏறியது. முதல் பஸ்ஸின் டிரைவர், "இன்னாக்கா, உப்பு மூட்ட கவுந்துட்ச்சா?" என்று சிரித்தார். மறுநாள் சட்னியில் உப்பே இல்லை. வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எதிர்க் கடைக்கு நகர்ந்தார்கள். வீட்டில் அக்கா காரத்தைத் தொடுவதை விட்டு, ஆறிய கூழை மட்டும் குடித்தாள்.

"வாய் ஒரு மாதிரியா இருக்குதுடி. எது தின்னாலும் மண்ணு மாதிரி" என்றாள்.

"உனக்கு தினம் ஒண்ணு. கவனம் இல்லன்னா கடய மூடிட்டு வூட்ல இரு" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் வாயைப் பற்றிப் பேசவில்லை.

டாக்டர் சொன்னது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். வந்தது. ஆனால் மாத்திரையை எடுத்துக் கொடுத்தால், ஆறு மாதம் மறைத்து வைத்ததையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து சொல்லலாம் என்று தள்ளிவைத்தேன். அப்படி மூன்று ஞாயிறுகள் போயின.

மூன்றாம் ஞாயிற்றுக்கு அடுத்த புதன்கிழமை, கடையில் தண்ணீர் குடித்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விழுங்க முடியவில்லை. தாங்கிப் பிடித்து வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கு, அண்ணம், கன்னத்தின் உள்பக்கம் எங்கும் தயிர் அப்பியதுபோல் வெள்ளை.

வாணியம்பாடியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பூஞ்சை உணவுக்குழாய் வரை இறங்கியிருந்தது. டாக்டர் கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார்.

"நாக்கு வெளுத்தா உடனே வாங்கன்னு அன்னிக்கே சொன்னேனேம்மா. கரைக்கிற மாத்திரை குடுத்தேனே. சாப்பிடவே இல்லையா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், கரகரத்த குரலில், "இவ சொன்னா சார். நான்தான் மறந்துட்டேன்" என்றாள்.

கேப்சூலை நிறுத்தி, அங்கேயே சேர்த்து, பூஞ்சைக்கு முதலில் ஊசியாகவும் பிறகு மாத்திரையாகவும் மூன்று வாரம் மருந்து கொடுத்தார். அதுவும் ஈரலைப் பாதிக்கலாம் என்று வாரா வாரம் ரத்தம் எடுத்தார்கள். நான்காம் நாள் அக்கா தண்ணீர் குடித்தாள். பத்து நாளில் நாக்கு சிவந்து, ரசம் சாதம் சாப்பிட்டாள். ஆனால் அதற்குள் மூட்டு வீக்கம் திரும்பிவிட்டது. வேறு மருந்து தொடங்க ஈரல் தேறும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்த அந்த மாதங்களில் வலது கையின் இரண்டு விரல்கள் கோணி, அப்படியே நின்றுவிட்டன. கொட்டகையை வேறொரு பெண் எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றைக்கு, பஸ் ஆலங்காயம் தாண்டிய பிறகுதான் அக்கா அதைப் பற்றிப் பேசினாள்.

"சொல்லியிருந்தா சாப்ட்டிருப்பேன்டி. கை மடங்குனதுக்கப்புறம் நான் எதுக்கு அத வுடப்போறேன்?"

அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. முதல் நாள் அவள் எப்படி இருந்தாளோ, ஆறு மாதமும் அப்படியே இருப்பாள் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

இப்போது வேறு மருந்து ஓடுகிறது. வலி குறைவு. ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போய் வருகிறாள். சீட்டை மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்து, ஒவ்வொரு மாத்திரையும் என்னென்ன செய்யும் என்று முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவாளாம், கடைக்காரரே என்னிடம் சொன்னார். என்னிடம் அவள் சீட்டைக் காட்டுவதில்லை. எங்கே வலிக்கிறது என்றும் சொல்வதில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம், எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "அக்கா, அன்னிக்கு நான் செஞ்சது தப்பு" என்றேன்.

"சரி வுடு. பால் பொங்குது பாரு" என்றாள்.

எழுந்துபோய் இறக்கி வைத்தேன். இரண்டு பேருக்கும் காப்பி கலந்தேன். அவள் டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி மெதுவாகக் குடித்தாள்.