வரவேண்டாம் என்று போய்ச் சேர்ந்த தந்தி

மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்த காலம். டவுனில் ஒரு தந்தி ஆபீஸில் எனக்குத் தந்தி அடிக்கும் வேலை. கோலாலம்பூருக்கு ஒரு கம்பி போதாமல் இரண்டாவதையும் இழுத்திருந்தார்கள். வந்து சேரும் தந்திகளை இரண்டிலும் மாற்றி மாற்றி அனுப்புவோம்; அங்கிருந்துதான் மற்ற ஊர்களுக்குப் போகும். முதல் கம்பியில் நான். இரண்டாவதில், காஜா பேராங்கில் எங்கள் சாலையிலேயே குடியிருந்த செட்டி சமூகத்துக்காரர். நெற்றி நிறைய விபூதி பூசுவார். ஆனால் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய குடும்பம்; தமிழ் தெரியாது, வீட்டில் மலாய்தான். ஆங்கில எழுத்தில் எழுதித் தரும் தமிழ்த் தந்திகளை, அர்த்தம் தெரியாததாலேயே, எழுத்து எழுத்தாகப் பார்த்து அடிப்பார்.

என் பக்கத்து வீட்டுக்காரன் லாரி ஓட்டுபவன். ஏதோ கல்யாணத்தில் வந்த வாய்த்தகராறில் ஈப்போவில் இருந்த அண்ணனோடு பேச்சுவார்த்தை நின்றிருந்தது. தாயாருக்கு முடியாமல் போனதும் வீம்பை விட்டு, மழையில் நனைந்து வந்து அவனே தந்தி கொடுத்தான்: ‘அம்மா சீரியஸ். அண்ணன் வரவேண்டும்.’

அது இரண்டாவது கம்பியில் போயிற்று. அண்ணன் வரவில்லை. சாவுத் தந்தி போன பிறகு, பால் தெளித்த அன்றுதான் வந்தார். வாசலிலேயே நின்று, தமக்குக் கிடைத்த தந்தியை நீட்டினார். ‘அம்மா சீரியஸ். அண்ணன் வரவேண்டாம்’ என்றிருந்தது.

தம்பி எழுதிக் கொடுத்த தாள் ஆபீஸில் இருந்தது. ‘வரவேண்டும்’ என்றுதான் எழுதியிருந்தான். அண்ணன் நம்பவில்லை. “நீங்க அவனுக்குப் பக்கத்து வீடு. தாளை மாத்துறதுக்கு எவ்வளவு நேரமாகும்?” என்றார்.

தலைமைக் குமாஸ்தா என் முதல் கம்பியில் உட்கார்ந்து, பயிற்சியில் எல்லாரும் படிக்கும் ஆங்கில வாக்கியத்தை அனுப்பிப் பார்த்தார். சரியாகப் போனது. கம்பியில் கோளாறில்லை, அடித்த ஆளுக்குத் தமிழ் தெரியாததுதான் காரணம் என்று முடித்துவிட்டார். “சாயா தாக் சாலா, லா” என்றார் செட்டிக்காரர். தாம் தப்புச் செய்யவில்லை என்று சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. தந்தி போன கம்பியைத் தலைமைக் குமாஸ்தா தொடவே இல்லை. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

மறுநாள் மழை. அண்ணனைக் கையோடு கூட்டிப்போய் ஆபீஸ் பெஞ்சில் உட்காரவைத்தேன். அதே வாக்கியத்தை இரண்டாவது கம்பியில் அனுப்பினேன். அதுவும் சரியாகப் போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்த வாக்கியம் கோலாலம்பூரில் தந்தி வாங்குபவனுக்கு மனப்பாடம். ஓர் ஒலி விழாவிட்டாலும் அவன் கை தானாக எழுதிவிடும். ஆங்கிலத் தந்திகளையும் அப்படித்தான் ஊகித்துச் சரிசெய்துகொண்டிருந்தான். தமிழ் அவனுக்குப் புரியாது. காதில் விழுந்ததைத்தான் எழுதுவான்.

இரண்டாவது கம்பியில் ‘வரவேண்டும்’ என்று மட்டும் திரும்பத் திரும்ப அடித்தேன். அங்கே கிடைத்ததை என் கம்பியில் திருப்பி அனுப்பச் சொன்னேன். நாலைந்துக்கு ஒன்று ‘வரவேண்டாம்’ என்று வந்தது.

அண்ணனுக்கு விளக்கினேன். தந்தியில் ‘யூ’ என்ற எழுத்துக்கு இரண்டு புள்ளி, ஒரு கோடு. அதில் ஒரு புள்ளி விழாவிட்டால் அது ‘ஏ’. வேண்டும் வேண்டாமாகிவிடும். பிறகு ஆட்கள் போய்ப் பார்த்தபோது, பத்து பெரெண்டாம் பக்கம் கம்பியில் கொடி படர்ந்திருந்தது; மழையில் நனைந்தபோதெல்லாம் மின்சாரம் கசிந்திருக்கிறது.

அண்ணன் தந்தியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“கம்பி கெட்டுப்போச்சு, சரி. ஆனா இதைப் படிச்சதும் என் தம்பிதான் சொல்றான்னு நம்பிட்டனே. ஒரு நிமிஷம்கூட யோசிக்கலையே.”

அவர் கையைப் பிடித்து எழுப்பினேன்.

மழையிலேயே வீட்டுக்கு நடந்தோம். தம்பி வாசலில் நின்றிருந்தான். எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான் போலும். அண்ணன் கேட் அருகிலேயே, உள்ளே வரத் தயங்கி நனைந்துகொண்டிருந்தார்.

“வாங்கண்ணே” என்றான்.