தட்டைப் பூமியும் ஏலக்காய்த் தண்ணியும்

போன செவ்வாய்க்கிழமை. பூப்பாறையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஜீப்பில் போடிக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். ஓட்டியவர் எங்கள் தெரு சுருளி. தினமும் காலையில் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போய் விட்டுவிட்டு, காலி வண்டியாகத் திரும்புகிறவர்.

போடிமெட்டு தாண்டி ஒரு வளைவில் நிறுத்தினார். கீழே தேனிப் பக்கம் முழுக்க வெயில்.

"நல்லாப் பாருங்கண்ணே. எங்கயாச்சும் வளைஞ்சிருக்கா? பூமி தட்டைதாண்ணே. யூடியூப்ல ஒருத்தன் புட்டுப் புட்டு வச்சிருக்கான்."

சிரித்தேன். சும்மா இல்லை... படித்தவன் சிரிப்பு. கப்பல், கிரகணம் என்று எடுத்துவிட்டேன். அவர் அசரவில்லை.

"நீங்க படிச்சத நம்புறீக. நான் கண்ணால பாத்தத நம்புறேன்."

சரி, நம்பிவிட்டுப் போகட்டுமே. அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் ஸ்டியரிங் சரியாகத்தானே திரும்புகிறது!

பேச்சை மாற்ற, "செல்வி எப்படி இருக்கா?" என்றேன். செல்வி அவர் மனைவி. தோட்டத்தில் காய் எடுக்கிறவர். சர்க்கரை வியாதிக்காரர்.

"ஒரு வாரமா வேலைக்கு வர்றதில்லண்ணே. தலைசுத்துதுங்கிறா. காலு மரத்துப்போகுதுங்கிறா."

"மாத்திரை போடுறாளா?"

"அத நிறுத்தி ஒரு மாசமாச்சு. இப்ப ஏலக்காத் தண்ணிதான். வெறும் வயித்துல ஒரு சொம்பு. சுகரு வேரோட போயிருமாம், வீடியோ வந்துச்சு."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "எந்த முட்டாப்பய அனுப்புனான்?"

சுருளி போனைத் தேய்த்து என்னிடம் நீட்டினார். எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப். வீடியோவுக்கு மேலே என் பெயர். கூடவே நானே தட்டிய வரி — 'நம்ம ஊர் ஏலக்காயின் பெருமையைப் பாருங்கள்!'

வீடியோவில் பேசியவன் முதல் அரை நிமிடம் போடி ஏலக்காயைப் புகழ்ந்திருந்தான். அதிலேயே பூரித்துப்போய் அனுப்பிவிட்டேன். மீதியைப் பார்க்கவே இல்லை.

"பேப்பர்ல எழுதுறவரு அனுப்புனா சரியாத்தான் இருக்கும்னு செல்வி சொன்னாண்ணே" என்றார். குத்திக்காட்டவில்லை, தகவலாகத்தான் சொன்னார். அதுதான் வலித்தது.

யோசித்துப் பாருங்கள். சுருளியாவது மலைமேல் நின்று, கண்ணால் பார்த்துவிட்டு நம்பினார். நான்? பார்க்காமலேயே ஊருக்கு அனுப்பியவன். இரண்டு பேரில் யார் முட்டாள்?

"வண்டிய நேரா உங்க வீட்டுக்கு விடுங்க" என்றேன்.

செல்வி மசியவில்லை. "தண்ணி குடிச்சா ஒடம்பு லேசா இருக்குண்ணே" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். டாக்டர், டெஸ்ட், சிறுநீரகம்... எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். நான் அனுப்பியது தப்பு என்றும் சொன்னேன். நான் ஏதோ சங்கடத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியில் கேட்டேன். "காய் எடுக்கும்போது ஒண்ணு ரெண்டு வாயில போடுவியா ஆத்தா?"

"யாரு போடுவா? பூச்சி மருந்து வாடை குடலப் பொரட்டும். போன மாசங்கூட அடிச்சாக."

"அந்தக் காயத்தானே ஊறப்போட்டுக் குடிக்கிற?"

செல்வி சொம்பை எடுத்து வாசலில் கவிழ்த்தார். வெரசா கிளம்பச் சொல்லிப் புருஷனை அதட்டினார்.

ஆஸ்பத்திரியில் சர்க்கரை எக்கச்சக்கம். இரண்டு நாள் படுக்க வைத்தார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. செல்வி இப்போது வீட்டில், மாத்திரையோடு.

'நான் அனுப்பிய வீடியோ பொய். யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்' என்று அன்றைக்கே குரூப்பில் போட்டேன். பெருமைக்கு ஐம்பது பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். மன்னிப்புக்கு இரண்டு பேர். அதற்குள் வீடியோ தோட்டத்துப் பெண்கள் பலரின் போனுக்கும் போய்விட்டதாக சுருளி சொன்னார்.

நான் விடுவதாக இல்லை. மறுநாள் விடியும்போதே ஜீப்பு ஸ்டாண்டில் நின்றேன். தூக்குவாளியோடு ஏறிக்கொண்டிருந்த பெண்களிடம் ஒவ்வொரு ஜீப்பாகப் போய்ச் சொன்னேன் — அனுப்பியவன் நான்தான், அது பொய், நான் முழுசாகப் பார்க்கவில்லை.

மூன்றாவது ஜீப்பில் ஒரு அக்கா நிதானமாகக் கேட்டார். "பேப்பர்ல எழுதுறதும் இப்பிடிப் பாக்காமத்தானா?"

தலையைக் குனிந்துகொண்டு நான்காவது ஜீப்புக்கு நடந்தேன்.